நாற்பத்தாறாம் அறை காலியில்லை

சாவியம்மா என்றுதான் எல்லாரும் அவளை அழைத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு சாமான் கிடங்கைப் பதினொரு ஆண்டுகளாக நிர்வகித்து வந்தவளிடம் ஓர் அறையின் சாவிகூடக் கிடையாது என்பதே அந்தப் பெயரில் இருந்த வேடிக்கை. அறையை வாடகைக்கு எடுப்பவர் தம் பூட்டைத் தாமே கொண்டுவந்து பூட்டிக்கொள்வார். சாவி அவரோடு போய்விடும். பிறர் சாவியை நிர்வாகி கையால் தொடலாகாது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் பழைய முதலாளி சொன்ன விதி அது. சொன்னவரே அதை மறந்துபோனார், அவள் மறக்கவில்லை.

துணி ஆலை மூடப்பட்டபோது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அங்கே நூல்கண்டுகளை எண்ணி எண்ணித் தேய்ந்த கண்கள் இங்கே கதவுகளை எண்ணத் தொடங்கின. வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், தூக்கி எறியவும் மனம் வராமல் மனிதர்கள் சுமந்து திரிகிற பொருள்களுக்கெல்லாம் அந்தக் கட்டடம்தான் புகலிடம். மணம் முறிந்தவரின் கட்டில், வெளிநாடு போனவரின் புத்தகங்கள், கடையை மூடியவரின் பெயர்ப்பலகை. உள்ளே என்ன என்று அவள் ஒருவரையும் கேட்டதில்லை. யாராவது தாமாகச் சொல்ல வந்தால், "சொல்லணும்னு இல்லைங்க, வெச்சிட்டுப் போங்க" என்பாள்.

அறை காலியானால் அதைப் பெருக்கித் துடைத்துத் தாழ்ப்பாளைப் போட்டு, தாழ்ப்பாளின் துளையில் வெள்ளை பிளாஸ்டிக் டேக் ஒன்றை மாட்டி இறுக்குவாள். ஒருமுறை இறுகிய டேக்கைக் கத்தரித்தால்தான் கதவு திறக்கும். எனவே பூட்டு தொங்கினால் ஆள் உண்டு, டேக் தொங்கினால் காலி. நடைக்கூடத்தின் கோடியில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே அந்தத் தளத்தின் நிலவரம் முழுதும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இதில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. அதுதான் வினையாயிற்று.

நாற்பத்தாறாம் அறை ஷூக்காரய்யாவுடையது. கால்கள் ஒன்றுக்கொன்று நீளம் ஒவ்வாதவர்கள், பாதம் வளைந்து பிறந்தவர்கள், விபத்தில் விரல் இழந்தவர்கள் ஆகியோருக்குக் காலணி செய்பவர் அவர். எழுபது வயதில் மூட்டுவாதம் விரல்களை முடக்கத் தொடங்கியிருந்தது. ஊசியைப் பிடித்துவிடுவார், சாவியைத் திருக முடியாது. எண் பூட்டின் சின்னஞ்சிறு சக்கரங்களோ அவர் விரல்களைக் கேலி செய்தன.

"சாவியை நீயே வெச்சுக்கம்மா. உன்னைவிட நம்பிக்கையான ஆளு யாரு?" என்று கேட்டார்.

"அது மட்டும் முடியாதுங்கய்யா. இன்னைக்கு உங்க சாவி, நாளைக்கு ஊர் சாவி. அப்புறம் என் பேர் பொருத்தமாயிடும்."

அவர் சிரித்தார். கடைசியில் பூட்டுக்குப் பதில் டேக் போடுவதென்று முடிவாயிற்று. அவர் வரும்போது அவள் கத்தரித்துத் திறப்பாள். போகும்போது அவர் கண்ணெதிரே புதியது மாட்டுவாள். காலி அறைகளின் டேக்கில் மிஞ்சும் வாலை ஒட்ட நறுக்கிவிடுவது அவள் வழக்கம். நாற்பத்தாறின் வாலை மட்டும் நறுக்காமல் நீளமாக விட்டாள். பதிவேட்டில் சிவப்பு மையால், 'டேக் உண்டு, காலியில்லை' என்று எழுதிவைத்தாள். நான்கு ஆண்டுகள் அப்படியே ஓடின.

இதற்கிடையே கட்டடம் கைமாறியிருந்தது. வாங்கியவர்கள் ஒன்பது பேர் சேர்ந்த ஒரு குழு. அதைத் திரட்டியவன் அவளுடைய தம்பி. வீட்டு மனைத் தரகனாகத் தொடங்கி, 'இன்வெஸ்ட்மெண்ட்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறுமுறை உச்சரிப்பவனாக வளர்ந்திருந்தான். ஆலையிலிருந்து வந்த தொகையை அவளும் சிறு பங்காகப் போட்டிருந்தாள். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் அன்றே சொன்னார்: "இத்தனை நாள் அக்கா தம்பியா இருந்தீங்க. இனிமே பங்காளிங்க. சண்டை போட்டுக்கலைன்னாதான் முறைகேடு."

மூன்றாம் ஆண்டில் பெரிய நிறுவனம் ஒன்று கட்டடத்தை விலைக்குக் கேட்டது. அவர்களுக்குப் பெரிய அறைகள் வேண்டும். அடுத்தடுத்துக் காலியாக இருக்கும் சிறு அறைகளின் தகரத் தடுப்பை நீக்கி ஒன்றாக்கிக் காட்டினால் பேரம் கூடும் என்று தம்பி கணக்கிட்டான். அவளுடைய வார விடுமுறையன்று ஒரு மேற்பார்வையாளனையும் நான்கு ஆட்களையும் அனுப்பினான். பதிவேடு மேசை இழுப்பறையில் இருந்தது; அதை ஒருவரும் திறக்கவில்லை. டேக் தொங்கிய கதவுகளை எல்லாம் எண்ணினார்கள். நாற்பத்தைந்து காலி, நாற்பத்தாறு காலி. கத்தரித்தார்கள், காலி செய்தார்கள், தடுப்பைக் கழற்றினார்கள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது இரண்டறை ஓரறையாகிப் பெருக்கித் துடைத்துக் கிடந்தது. கதவெண்ணை மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். பிறகு தம்பியை அழைத்தாள்.

"நாற்பத்தாறுல இருந்த சாமான் எங்கடா?"

"அதுல என்னக்கா இருந்துச்சு? வெறும் கட்டைங்க. ஆளுங்க லாரில ஏத்தி அனுப்பிட்டாங்க."

"எங்க அனுப்பினாங்க?"

"குப்பை யார்டுக்குத்தான். வேற எங்க?"

அவள் ஓடினாள். மரக்கழிவை வந்த அன்றே அரைத்துத் தூளாக்கிவிடுவது அந்தக் குப்பை யார்டின் நடைமுறை. வாயிலில் இருந்தவர் ஒரு மஞ்சள் குவியலைக் கைகாட்டினார். அவ்வளவுதான் மிச்சம்.

அவள் திரும்பியபோது தம்பி அலுவலகத்தில் காத்திருந்தான். தன் குற்றமில்லை என்று காட்ட, மேற்பார்வையாளன் எடுத்த படத்தைக் கைபேசியில் நீட்டினான். "நீயே பாரு. பூட்டு இல்லை, டேக்தான் இருக்கு. உள்ள கட்டைங்கதான் இருக்கு."

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவரை ஒட்டிய மூன்று அடுக்குப் பலகையில் இணை இணையாகப் பாத வடிவில் செதுக்கிய மரக்கட்டைகள்; அவற்றின்மேல்தான் அவர் தோலை இழுத்துக் காலணி தைப்பார். ஓரிணையில் இடக்கட்டை சிறியது. இன்னோர் இணையில் வலக்கட்டைக்குக் குதிகாலே இல்லை. பக்கவாட்டில் தோல் துண்டுகளை ஒட்டி மேடாக்கியிருந்த கட்டைகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெயர், ஒரு தேதி. முப்பத்தெட்டு மனிதர்களின் கால்கள் அந்த அறையில் வரிசையாக நின்றிருந்தன.

அதுவரை அவளுக்கு இருந்தது அச்சம். அப்போதுதான் சினம் மூண்டது. அறியாமல் செய்தார்கள் என்றால் பொறுக்கலாம். கதவைத் திறந்தார்கள், விளக்கைப் போட்டார்கள், நின்று நிதானமாகப் படமும் எடுத்தார்கள். பெயர் எழுதிய பொருளைக் கண்ணால் கண்ட பின்னும் காலி என்று எழுதக் கை கூசாத மனிதர்களை என்னவென்று சொல்வது?

"இதுல பேர் எழுதியிருக்குடா. படிக்கத் தெரியாதா உன் ஆளுக்கு?"

"அவன் எண்ண வந்தவன்க்கா, படிக்க வந்தவன் இல்லை. பூட்டு போடாதது யார் தப்பு?"

"என் தப்பு. நான்தான் டேக் போட்டேன். பதிவேட்டுல எழுதியும் வெச்சேன். வால் நீளமா விட்டிருந்தேன்."

"வால் நீளமா குட்டையான்னு பாத்தா கட்டடம் வாங்குவாங்க? மாட்டுச் சந்தையாக்கா இது?"

அன்று மாலையே ஷூக்காரய்யாவிடம் நேரில் போய்ச் சொன்னாள். அவர் ஏசவில்லை. தம் விரல்களைப் பார்த்தபடி, "சின்னப் பொண்ணு ஒருத்தி, அடுத்த மாசம் ஜோடி மாத்தணும். கட்டை இல்லாம எப்படி" என்று மட்டும் கேட்டார். அவர் ஏசியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தான். 'மேற்படி நாற்பத்தாறாம் அறை, தடுப்பு நீக்கப்பட்ட நாளில் காலியாகவே இருந்தது என்று நிர்வாகியாகிய நான் உறுதி கூறுகிறேன்.' அடியில் அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"வாங்குறவங்க வக்கீல் ஒவ்வொரு அறைக்கும் உறுதி கேக்குறாங்க. வாடகைக்காரர் தகராறு இருந்தா பேரம் நின்னுடும். கிழவருக்கு நான் தனியா ஏதாவது செய்யறேன், என்னை நம்பு."

"அவருக்குச் செய்யறதை அவர் அறை காலியா இருந்துச்சுன்னு எழுதிட்டுத்தான் செய்யணுமா? அப்ப அது நஷ்டஈடு இல்லைடா, பிச்சை."

"உன் பங்கும் இதுலதான்க்கா இருக்கு."

"அதான் எரியுது."

அவள் கணவர் செய்தித்தாளிலிருந்து தலை எடுக்காமலே சொன்னார்: "மச்சான், உங்கக்கா கையெழுத்து கேட்டு நான் பாஸ்புக்கையே ரெண்டு நாள் கையில வெச்சுட்டு நின்னிருக்கேன். இதுக்கா போடுவா?"

தம்பி தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அன்றும் மறுநாளும் அவள் அந்தத் தாளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காலி என்ற அந்த இரண்டெழுத்துதான் அவளை உறுத்தியது. பதினொரு ஆண்டுகளாக எத்தனையோ முறை அவள் எழுதிய சொல். தானே உள்ளே போய், மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, ஓர் ஆணிகூட இல்லை என்று கண்ட பிறகே அதை எழுதுவாள். இப்போது அதே சொல்லைக் கொண்டு முப்பத்தெட்டுப் பேரை மூடி மறைக்கச் சொல்கிறார்கள்.

விற்பனைக் கூட்டம் கட்டடத்தின் மாடியறையில் கூடியது. வாங்கும் தரப்பு வழக்கறிஞர் கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி. பட்டியலில் விரலை ஓட்டியபடி கேட்டுக்கொண்டே வந்தார். நாற்பத்தைந்து? காலி. நாற்பத்தாறு?

தம்பி முந்திக்கொண்டான். "அதுவும் காலிதான் மேடம். நிர்வாகியோட உறுதி இப்ப வந்துடும்."

"காலி இல்லைங்க" என்றாள் சாவியம்மா. எழுந்து பதிவேட்டைக் கொண்டுபோய் வழக்கறிஞர்முன் விரித்து, சிவப்பு மை வரியைக் காட்டினாள். "ஆள் இருந்தார். அவர் பொருளை எடுத்து எறிஞ்சுட்டோம். டேக் போட அனுமதிச்சது விதிக்கு விரோதம், அது நான் செஞ்சது. உள்ளே பேர் எழுதின பொருள் இருந்ததைப் பாத்துட்டும் எறிஞ்சது எங்க ஆளுங்க செஞ்சது. ரெண்டையும் எழுதிக்குங்க."

"எங்க ஆளுங்கன்னா? நீங்க சம்பளத்துக்கு இருக்கிறவங்கதானே?"

"பங்குதாரரும்தான்."

வழக்கறிஞர் பேனாவை மூடினார். அந்த மனிதருடைய இழப்பை ஈடுசெய்து, அவரிடம் எழுதி வாங்கிவந்த பிறகு பேசலாம் என்று எழுந்துவிட்டார். படிக்கட்டில் தம்பி அவள் வழியை மறித்தான்.

"நீ எனக்கு அக்காவா, அந்தாளுக்கு வக்கீலா?"

"அக்காவா இருக்கப்போய்த்தான் அங்க உன் பேரைச் சொல்லலை. உன் ஆள் எடுத்த படம் உன் கையில இருக்குன்னும் சொல்லலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

குழு தனியே கூடி, வேறு வழியின்றி இறங்கிவந்தது. புதிய கட்டைகளுக்கான மரமும் செதுக்க ஓர் ஆளும் தருவதாக ஷூக்காரய்யாவுக்கு எழுதிக் கொடுத்தது. அதே கூட்டத்தில், பூட்டு விதியை மீறியதற்காகச் சாவியம்மாவை வேலையிலிருந்து நீக்கவும் தீர்மானம் போட்டது. படத்தை எடுத்த மேற்பார்வையாளனுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. அவன் எண்ணச் சொன்னதை எண்ணினானாம். நான்கு ஆண்டுகள் ஒரு முதியவரின் விரல்களுக்கு இரங்கியது குற்றம். ஒரே நாளில் முப்பத்தெட்டுப் பேரின் கால்களை அரைத்தது கணக்குப் பிழை. நியாயத்தை இப்படியும் எழுதிக் கையெழுத்திட ஒன்பது பேர் கிடைக்கிறார்கள். எட்டுப் பேர் என்று திருத்த வேண்டும், அவள் போடவில்லை.

மரமும் ஆளும் வந்தாலும் அளவு வேண்டுமே. அளவெல்லாம் கட்டையிலேயே இருந்தது. முப்பத்தெட்டுப் பேரையும் மறுபடி வரவழைத்துக் கால் அளக்க வேண்டும். வேலை போன அடுத்த திங்கள்கிழமை அவள் ஷூக்காரய்யாவின் பட்டறைக்குப் போனாள். பழுப்பேறிய முகவரிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தாள். முதல் அழைப்பே அந்தச் சிறுமியின் தாய்க்கு.

"மறுபடியும் அளவா? போன வருஷம்தானேங்க எடுத்தாரு" என்றாள் தாய்.

எதிரே அமர்ந்திருந்த ஷூக்காரய்யா, பட்டறை பேருக்கு இழுக்கு வேண்டாம் என்பதுபோல, "கட்டை தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடும்மா" என்று மெல்லச் சொன்னார்.

சாவியம்மா தலையசைத்து மறுத்தாள்.

"தொலையலைங்க. இவர் பத்திரமாத்தான் வெச்சிருந்தார். நாங்கதான் தூக்கிப் போட்டுட்டோம். பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."