ஷபீர் சார் நகலெடுத்த பதில்

ஷபீர் சாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. படாளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியில் அவர் எடுப்பது 'கேரியர் ஸ்கில்ஸ்'. வேலையை எப்படித் தேடுவது, விண்ணப்பம் எப்படி எழுதுவது, நேர்காணலில் என்ன பேசுவது என்று கடைசி வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம். நான் ஆங்கில விரிவுரையாளர். இருவருக்கும் ஒரே அறை.

அவர் மதுராந்தகத்துக்காரர். எம்.பி.ஏ. முடித்துவிட்டு நான்கு வருடம் நேர்காணல்களுக்கு ஏறி இறங்கியவர். பதில் தெரியும், வாயில் வராது. "நம்ம பசங்களுக்கு அறிவு கீது மேடம். எடுத்துச் சொல்லத்தான் தெரியல" என்பார். நேர்காணல் நாளன்று பையில் நான்கு டை வைத்திருப்பார். இல்லாதவனைக் கூப்பிட்டுத் தானே கட்டிவிடுவார். அப்படி ஒரு மனிதர்.

'நீ சந்தித்த பெரிய சிக்கல் எது, எப்படிச் சமாளித்தாய்?' என்று எழுதி வரச் சொன்னார். முக்கால்வாசிப் பேர் தேர்வுக்கு முதல்நாள் வந்த காய்ச்சலை எழுதினார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து வரும் கீர்த்தனா தன் அப்பாவை எழுதினாள். கடலில் படகு கவிழ்ந்தது. உடல் கரைக்கு வரவில்லை. உடல் இல்லை என்று இறப்புச் சான்றிதழ் தர மறுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவள், படிக்கத் தெரியாத அம்மா சந்திரம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக அலைந்து, உடன் போய்த் தப்பியவர்களிடம் வாக்குமூலம் வாங்கி, கடைசியில் அந்தக் காகிதத்தைப் பெற்றாள். படித்துவிட்டு ஷபீர் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவள் நான்.

நல்ல விடைத்தாள் கிடைத்தால் நகலெடுத்து எல்லோருக்கும் கொடுப்பது நம் வாத்தியார்களின் பழக்கம். பத்தாம் வகுப்பிலிருந்து நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். "ஒரு மாதிரிக்குக் குடுக்கட்டுமாம்மா?" என்று அவளிடம் கேட்டார். வாத்தியார் கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? தலையாட்டினாள். பெயரை மறைத்து அறுபது பிரதி எடுத்தார். இதைப் பார்த்து உங்கள் கதையை எழுதுங்கள் என்றும் சொன்னார். பிள்ளைகள் அதைக் காதில் வாங்கவே இல்லை. கையில் கிடைத்ததை மனப்பாடம் செய்தார்கள்.

மார்ச்சில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. கீர்த்தனாவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஏப்ரலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவேன் என்று சந்திரம்மா கெடு வைத்திருந்தாள்.

முதலில் போனவன் ஜெயகிருஷ்ணன். கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கஸ்தூரிரங்கனின் மகன். அவன் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் ஒப்பித்தான். பின்னால் போனவர்களில் ஒருத்தி கடலை ஏரியாக்கினாள், இன்னொருவன் படகை லாரியாக்கினான். கீர்த்தனா ஒன்பதாவது. உள்ளே போன இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். அவள் வாயைத் திறந்ததுமே நேர்காணல் எடுத்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க காலேஜ்ல இன்னும் எத்தனை பேரோட அப்பா செத்துட்டாரு?" என்று சிரித்தாராம். இவள் "சாரி சார்" என்று எழுந்துவிட்டாள்.

ஷபீர் சார் உள்ளே ஓடினார். அது அவளுடைய சொந்தக் கதை, தப்பு என்னுடையது என்று கெஞ்சினார். எல்லாக் கல்லூரியிலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று அவர்கள் பையைக் கட்டினார்கள்.

ஜெயகிருஷ்ணன் உட்பட மூன்று பேர் தேர்வானார்கள். மறுவாரம் கஸ்தூரிரங்கன் லட்டு டப்பாவோடு எங்கள் அறைக்கு வந்தார். "எம் பிள்ளைக்குப் பேச வராது சார். நீங்க பேச வெச்சுட்டேள்" என்று கும்பிட்டார். நேர்காணல் அறையில் எட்டு நாளைக்கு முன் செத்துப்போயிருந்த அப்பா அவர்தான். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஷபீர் சார் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எனக்கு வந்த ஆத்திரம் முழுக்க, அந்தப் பதிலைத் திருத்திக் கொடுத்த என் மேல்தான்.

அடுத்த மாதம் செங்கல்பட்டில் இன்னொரு கம்பெனி ஆள் எடுக்கிறது என்று தெரிந்ததும், என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனார். கீர்த்தனா வாசலில் வலையை மடித்துக்கொண்டிருந்தாள். சந்திரம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "வைகாசில கல்யாணம், வந்துருங்க" என்றாள்.

"நீ வந்து உன் கதையைச் சொல்லும்மா. அது உன்னோடதுன்னு நானே கூட நின்னு சொல்றேன்" என்றார் ஷபீர் சார்.

"வாணா சார். நெசம்தானான்னு கேப்பாங்க. எங்கப்பா செத்தது நெசம்னு எல்லா ஆபீஸ்லயும் சொல்லி முடிச்சிட்டேன் சார். இனிமே யாராண்டையும் என்னால சொல்ல முடியாது."

பிறகு அவளே அவருக்காக இரக்கப்பட்டவள் போலச் சொன்னாள்: "வோணும்னா வேற யாரோட கதையாச்சும் எழுதிக் குடுங்க சார். மனப்பாடம் பண்ணிகினு வந்து சொல்றேன்."