இவை நடித்துக் காட்டப்படும் காட்சிகள்

லிஸ்பனில் நான் காலையில் ரொட்டி வாங்கும் கடைக்காரருக்கு என் வேலையின் மேல் ஒரு பொறாமை உண்டு. என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் போர்த்துகீசில், வீடியோ பார்க்கிற வேலை என்று சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து ‘போம் தியா’ என்று காலை வணக்கம் சொன்ன கையோடு, நேற்று என்ன படம் பார்த்தாய் என்று கேட்கிறார். உட்கார்ந்த இடத்தில் படம் பார்க்கச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் நான் கொடுத்துவைத்தவள்தான் என்பது அவர் எண்ணம். நேற்று பார்த்ததை விவரிக்கும் அளவுக்கு எனக்கு அவர் மொழி வராது. வராமல் இருப்பதும் நல்லதுதான், அந்தக் கடைக்குக் குழந்தைகளும் வருகிறார்கள். நன்றாக இருந்தது என்று சொல்லிச் சிரித்துவிட்டு டிராமைப் பிடிக்க ஓடுவேன்.

ஊரில் கேட்பவர்களுக்கும் நான் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். உலகத்தில் எங்கிருந்தாவது யாராவது தமிழில் ஒரு வீடியோவை ஏற்றுகிறார்கள். அதில் இரத்தம், அடிதடி, பிணம் என்று எதையாவது இயந்திரம் மோப்பம் பிடித்தால் அது எங்கள் திரைக்கு வந்துவிடும். இது செய்தியா, சினிமாவா, வைத்தியப் பாடமா, அல்லது கொடூரத்தைக் காட்டிக் கூட்டம் சேர்க்கிற வேலையா என்று விதிகளைப் பார்த்து நாங்கள் முடிவு செய்ய வேண்டும். மனம் களைத்தால் போய் உட்கார அலுவலகத்தில் ஓர் அறை இருக்கிறது. அங்கே மெத்து மெத்தென்ற இருக்கைகளும், பெரியவர்கள் வண்ணம் தீட்டப் படப் புத்தகங்களும் வைத்திருக்கிறார்கள். பென்சில்களில் சிவப்பு மட்டும் தேயாமல் கிடக்கும். எனக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. சமையலறையில் விரலை வெட்டிக்கொண்டால்கூட முதலில் வலி தெரிவதில்லை, இது எந்த விதியில் வரும் என்றுதான் புத்தி போகிறது. வேலையை விடலாம் என்றால் இங்கே தங்கும் உரிமை அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குப் பக்கம், ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே போக வேண்டும். கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். வெங்காயமும் மக்காச்சோளமும் போட்ட குடும்பங்கள், இப்போது பாதிப்பேர் திருப்பூரிலும் கேரளாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை, பெரிய வெள்ளி சாயங்காலம், கோவில் மைதானத்தில் பாஸ்கா நடக்கும். ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைக் காட்டுவதற்குப் பெயர் அது. அதை நாடகம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் அண்ணன் அருள்தான் பல வருடங்களாக ஆண்டவர். மற்ற நாட்களில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு மினி லாரி ஓட்டுகிறவன், கெட்ட வார்த்தை சரளமாக வரும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவான். தாடி வளரும், கறி மீன் கிடையாது, வாயில் ஒரு வசவு வராது, தவக்காலம் முடிகிறவரை காலில் செருப்பு போடமாட்டான். மாசி பங்குனி வெயிலில் லாரியின் பிரேக்கை வெறுங்காலால் மிதிப்பான்.

அப்பா இருந்தவரை அவர்தான் ஆண்டவருக்குத் தீர்ப்பு சொல்லும் பிலாத்து. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்து, கரகரத்த குரலில் தீர்ப்பு வசனத்தைச் சொல்லிப் பார்ப்பார். இரத்தம் கலக்குவதும் அவர் பொறுப்பு. சிவப்புச் சாயத்தில் கருப்பட்டிப் பாகை விட்டுக் கெட்டியாக்கி, பழைய வேட்டியைத் திரித்துச் செய்த சவுக்கை அதில் நனைத்து வைப்பார். ஒவ்வொரு அடிக்கும் அண்ணன் முதுகில் ஒரு சிவப்புக் கோடு விழும், பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அவன் முதுகில் எறும்பு மொய்க்கும். அம்மா வெந்நீரை ஊற்றி ஊற்றித் தேய்ப்பாள். அப்பா போன பிறகுதான் தெரிந்தது, அவர் குரலை வீட்டில் யாருமே பதிந்து வைக்கவில்லை என்று. கல்யாண வீடியோக்களில்கூட வாய் நிறைய வெற்றிலையோடு தலையை மட்டும் ஆட்டுகிறார். கோவில் இளைஞர்கள் வெளியூரில் இருப்பவர்களுக்காக நடத்துகிற சேனலில்தான், பழைய பாஸ்கா ஒன்றில், அவர் பிலாத்தாக நின்று பேசுகிறார். லிஸ்பனில் மழை விடாமல் பெய்யும் நாட்களில் நான் அதைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவேன்.

போன வருடம் பெரிய வெள்ளிக்கு மறுநாள் அண்ணன் போன் செய்தான். அவன் தவக்காலத்தில் போன் செய்வதே அபூர்வம்.

“நேத்துப் போட்டத தூக்கிட்டாய்ங்க பாப்பா. மனுசன சித்திரவதை பண்றதக் காட்டுறமாம். இன்னும் ரெண்டு மூணு தடவ இப்படி ஆச்சுன்னா சேனலையே மூடிருவோம்னு எழுதியிருக்கு. நீ அந்த வேலதான பாக்குற, செத்த சொல்லிவிடேன்.”

சேனல் போனால் அப்பாவின் குரலும் போகும். அதை அவன் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. சொந்தக்காரர்கள் இருக்கும் வீடியோவை நாங்கள் தொடக்கூடாது என்பது விதி. அதனால் எங்கள் மேலாளர் இனேஷிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண், அதிர்ந்து பேசமாட்டாள். அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா என்று முதலில் கேட்டாள். என் அண்ணன்தான், அன்றைக்கே கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்றேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றாள். போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள் என்றேன். அவள் நாட்டிலும் பெரிய வெள்ளி உண்டு, ஆனால் ஆண்டவரின் மரச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மௌனமாக நடப்பார்கள், யாரையும் அடிப்பதில்லை. என் தோளைத் தட்டி, அந்த வண்ணம் தீட்டும் அறையில் கொஞ்ச நேரம் உட்காருகிறாயா என்று கேட்டாள். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, அண்ணனுக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. கடைசியில் ஒரு வழி சொன்னாள். நடிப்பு என்பது வீடியோவைப் பார்த்தாலே தெரிய வேண்டும். தொடக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டு மேல்முறையீடு செய்யட்டும். அந்த வரியைத் தமிழில் நானே எழுதினேன். இவை நடித்துக் காட்டப்படும் காட்சிகள், யாருக்கும் காயமில்லை.

அனுப்புவதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணன் அனுப்பியிருந்த பிரதியை ஓட்டிப் பார்த்தேன். பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. சாயம் கடைசிவரை பளிச்சென்று சிவப்பாகவே இருக்கும். முதுகு முழுக்கச் சாயம்தான், நெற்றியில் வழிந்ததும் சாயம். சிலுவையோடு முதல்முறை விழுந்து எழுகிற இடத்தில், அங்கியின் கீழே இடது முட்டியில் மட்டும் கருஞ்சிவப்பாக ஒன்று இருந்தது. நேரம் ஆக ஆக அது பழுப்பாகக் காய்ந்துகொண்டே வந்தது. எங்கள் அலுவலகம் அனுப்பிய எச்சரிக்கையில் சவுக்கும் முதுகும் இருந்தன, முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “சரளையில நெசமாத்தான் விழுவேன். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். முட்டிக்குத் துணி கட்டிக்கடான்னு அப்பாகூடச் சொன்னாரு, கட்டல. மத்ததெல்லாம் சாயமும் கருப்பட்டியும் பாப்பா. அது மட்டுந்தான் என்னோடது.”

வரியைப் படித்துக் காட்டினேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டான், சொன்னேன். இரண்டு நாள் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஊரிலும் பேச்சு நடந்திருக்கிறது, ஆண்டவர் பாடுகளுக்கு முன்னால் நடிப்பு என்று எழுதுவதா என்று சிலர் குதித்திருக்கிறார்கள். பிறகு அவனே கூப்பிட்டான்.

“அப்பா கொரலு இருக்கட்டும். எழுதிக்கச் சொல்லிட்டேன். ஆனா நடிப்புன்னு எழுதிட்டு நான் எப்படிச் சிலுவையத் தூக்குவேன்? இனிமே வேற யாராச்சும் தூக்கட்டும் பாப்பா.”

நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அது கம்பெனிக்காரனுக்காகப் போடுகிற வரி, சாமிக்கு அது தெரியாதா என்றெல்லாம் கேட்டேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டான். வீடியோ திரும்பி வந்தது. எச்சரிக்கையும் நீங்கியது. வேலை முடிந்தது என்று இனேஷ் எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

இந்த வருடப் பெரிய வெள்ளி இங்கே விடுமுறை. முந்தின நாளே ரொட்டிக்கடைக்காரர், நாளை கடை கிடையாது, நாளைக்காவது படம் பார்க்காமல் ஓய்வெடு என்றார். மதியம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சேனலைத் திறந்தேன், ஊரில் சாயங்காலம். முதலில் என் வரி வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், நான் எழுதிய அதே சொற்கள். புது ஆண்டவர் எரியோட்டில் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர், நல்ல உயரம், நல்ல குரல். அவர் விழுந்த இடத்தை நிறுத்தி, பின்னால் நகர்த்தி, மறுபடி பார்த்தேன். அங்கிக்குள் முட்டிக்குப் பஞ்சு வைத்த பட்டை தெரிந்தது. ஒரு சொட்டு இரத்தம் இல்லை, எல்லாம் சாயம். போன வருடம் பொய்யாக இருந்த என் வரி இந்த வருடம் மெய்யாகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் யார் பார்த்தாலும் ஒரு குறையும் சொல்லமாட்டார்கள். மைதானத்தில் பெண்கள் வழக்கம்போல அழுதார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, விரல் நிறுத்துகிற பொத்தானின் மேலேயே இருந்தது.

சிலுவை திரும்புகிற வளைவில் கேமரா கூட்டத்தின் பக்கம் போனது. அங்கே அண்ணன் நின்றுகொண்டிருந்தான். மழமழவென்று சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை. எல்லோரையும்போல அவனும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு அனுப்பத்தான் எடுக்கிறான் என்று தெரிந்தது. சொந்த ஊர் பாஸ்காவை நான் இங்கிருந்து திரையில் பார்க்கிறேன், அவன் அங்கேயே நின்று திரையில் பார்க்கிறான். நான் புறப்பட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன, அவனை நான் இந்த ஒரு வரியால் புறப்பட வைத்துவிட்டேன். படத்தை நிறுத்தினேன். பழக்க தோஷத்தில் அவனையும் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணன் காலில் செருப்பு இருந்தது.