லகாட்டில் ஒரு கண், சுங்காயில் ஒரு கண்

வானத்துல நட்சத்திரம் சரியா எந்த இடத்துல இருக்குன்னு அளக்கிறது என் பொழப்பு; அது பாட்டுக்கு அங்கயே இருக்கு, நாயா அலையுறது நான்தான்.

என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்குப் புரியும். மலேசியாவுல ஈப்போ பக்கம் லகாட்ல ஒரு தொலைநோக்கி, ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போற சுங்காய்ல பழைய ரப்பர் தோட்டத்துத் திடல்ல இன்னொண்ணு. ரெண்டு நட்சத்திரத்தோட ஒளித்துகளை ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல பிடிச்சு ஒப்பிட்டா, அதுங்களுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு ரொம்பத் துல்லியமாத் தெரியும். ஒரு பக்கம் படுத்துக்கிட்டா மறுபக்கம் தண்டம். தீபாவளிக்குள்ள ஒரே ஒரு அளவாவது வரலன்னா திட்டத்தையே மூடிருவேன்னு ஈப்போ ஆபீஸ்ல டைரக்டர் சொல்லிட்டாரு. கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு உழைச்ச வேலைங்க இது!

மழை

லகாட்ல வானம் பளிச்சுன்னு இருந்தா சுங்காய்ல கொட்டும். அங்க மிசினைப் பார்த்துக்கிற மணியம் அண்ணேகிட்ட ஃபோன்ல புலம்பினேன். "இங்க நின்னுருச்சு தங்கச்சி, ஆனா மேகம் இப்ப அங்கதான் வருது லா."

விளக்கு

லகாட்ல பக்கத்து வீட்டு ராணி அக்காவோட வாசல் விளக்கு எங்க கருவிக்கு ஆகாது. கெஞ்சிக் கூத்தாடி அணைக்க வச்சேன். மறுநாள் காலையில இடுப்புல கைய வச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. "உன் நட்சத்திரம் அங்கயேதான் இருக்கு, வாசல்ல வச்ச என் சமையல் கேஸ் தோங்கத்தான் காணோம்!"

பூஜை

அதுக்கப்புறம் அக்கா வாசல்ல ரெண்டு விளக்கு. கறுப்பு கன்வாஸ் கட்டி மறைச்சேன். ஆயுத பூஜை அன்னைக்கு, நம்ப மாட்டீங்க, ரெண்டு ஊரு வானமும் தெளிவு. பொழுது சாய்ஞ்சதும் லகாட்ல உட்கார்ந்தேன். ரெண்டு பக்கமும் துகள் சேர்ந்து விழ ஆரம்பிச்சுது. திடீர்னு சுங்காய் பக்கம் எண்ணிக்கை எகிறிச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல.

காரை எடுத்துக்கிட்டு சுங்காய்க்கு ஓடினேன். தொலைநோக்கிக்கு மாலை, சந்தனம், குங்குமம்! மோட்டாருக்கும் புல்லு வெட்டுற மிசினுக்கும் படைச்ச கையோட, மணியம் அண்ணே இதுக்கும் நேர் முன்னால சூடம் காட்டியிருக்காரு. துகள் துகளா எண்ணுற கருவி அந்த வெளிச்சம் தாங்காம செத்துப்போச்சு. வேற கருவி வெளிநாட்டுலேருந்து வரணும், தீபாவளிக்குள்ள வராது. அங்கயே தரையில உட்கார்ந்து அழுதேன். அண்ணே திருநீத்துத் தட்டோட பேந்தப் பேந்த முழிச்சாரு. "தீபாவளிக்குள்ள உங்க அளவு வந்துரணும்னுதான் தங்கச்சி வேண்டிக்கிட்டேன்."

டைரக்டர் சொன்ன மாதிரியே மூடிட்டாரு. அந்த ரெண்டு நட்சத்திரமும் அதே இடத்துலதான் இருக்கு, எந்த இடம்னுதான் இன்னும் சரியாத் தெரியல.