மச்சாள் கொளுத்திய மெழுகுதிரி

மாங்குளத்து ரெயில்வே குவாட்டர்சில் நாங்கள் இருந்த காலத்தில் எனக்கு ஒரு அக்கா இருந்தார். கூடப்பிறந்தவர் அல்ல, பக்கத்து வீட்டு ஸ்ரேசன் மாஸ்டரின் மனைவி. அவர்கள் வேதக்காரர், நாங்கள் சைவம். இடையில் ஒரு கிடுகு வேலி. அக்காவும் நானும் குனிந்து போய்வந்தே அதில் ஆள் நுழையும் பொட்டு ஒன்று விழுந்திருந்தது.

என் கணவர் அதே ஸ்ரேசனில் கிளாக்கர். கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது காட்டையும் மழையையும் கோச்சிச் சத்தத்தையும் தவிர எனக்கு அங்கே ஒன்றும் தெரியாது. கணவர் வேலைக்குப் போனால் நாள் முழுக்கப் பேச ஆளில்லை. அந்த நேரத்தில், "தங்கச்சி, என்ன கறி?" என்று வேலிக்கு மேலால் கேட்டவர் அக்காதான். பிள்ளை இல்லாதவர். எனக்கும் அப்போது இல்லை. எங்களுக்குள் வேறு ஒருத்தருக்கும் இடமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கப்பலில் வேலை செய்த அக்காவின் தம்பி அந்த வருசம் ஒரு மெழுகுதிரி அனுப்பியிருந்தார். அக்கா அதை முதலில் காட்டியது எனக்குத்தான். முழங்கைத் தடிப்பில் சிவப்புத் திரி. சுற்றிவர பச்சை இலையும் சிவந்த பழமும் மெழுகிலேயே செய்து ஒட்டியிருந்தது. நடுவில் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் முதுகில் சாக்கோடு ஆட்டுக்கடாவில் ஏறிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் இருந்தால் ஏதோ சித்தர் என்று விபூதி பூசியிருப்போம்.

பனி கொட்டும் நாட்டில், யேசு பிறந்த நத்தாருக்கு முதல்நாள் பொழுதுபட அதைக் கொளுத்துவார்களாம். விடியும் வரைக்கும் நூராமல் எரிந்தால் வீட்டுக்கு ஒரு குறையும் வராதாம். கொளுத்தினவள் அந்த வீட்டுக்கு மகள் மாதிரியாம். சொல்லிவிட்டு அக்கா என் கையைப் பிடித்தார்.

"இந்த நத்தாருக்கு நீதான் கொளுத்த வேணும், தங்கச்சி."

கார்த்திகையில் மச்சாள் வந்தாள். என் கணவரின் கடைசித் தங்கை. மாமி சுகமில்லாமல் கிடந்ததால் கொஞ்சக் காலம் எங்களோடு இருக்க வந்தவள். வாய் ஓயாமல் கதைப்பாள், சிரிப்பாள், தேங்காய் திருவச் சொன்னால் பாதியைத் தின்றுவிடுவாள். நேற்றுப் பெய்த மழைக்கு இன்றைக்கு முளைத்த காளான். ஒரு கிழமைக்குள் வேலிப் பொட்டால் என்னைவிட அவள்தான் கூடப் போய்வந்தாள். நான் போனால் அக்கா கதிரையை இழுத்துப் போடுவார். அவள் போனால் குசினிக்குள் பக்கத்தில் இருத்தித் தலைவாரி விடுவார். என்னைத் தங்கச்சி என்றவர் அவளைப் பிள்ளை என்றார்.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் தலைமுழுகி நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். மச்சாள் வீட்டுச் சட்டையோடு பின்னால் வந்தாள். அலுமாரிக்குள்ளிருந்து திரியை எடுத்து மேசையில் வைத்த அக்கா நெருப்புப் பெட்டியை நீட்டியது அவளிடம்.

"பிள்ளை, நீ கொளுத்து. கன்னிப்பிள்ளை கொளுத்தினா நல்லதாம். தங்கச்சி கோவிக்கமாட்டா."

அது எந்த நாட்டு வழக்கமோ, போன மாதம் வரைக்கும் இல்லாத வழக்கம். இலவு காத்த கிளியாக நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சாள் கொளுத்தி, தாடிக்காரரைக் கும்பிட்டாள். அக்கா அவளை உச்சிமோந்தார்.

பலகாரத்தைத் தட்டில் அடுக்க அக்காவும் நானும் குசினிக்குப் போனோம். திரியைப் பார்த்துக்கொள் என்று மச்சாளை விட்டுவிட்டுத்தான் போனோம். கொஞ்ச நேரத்தில் அவள் கத்திய சத்தம் கேட்டு ஓடிவந்தால் மேசையில் வெறும் புகை. கையில் எங்கள் வீட்டுச் சாமியறை நல்லெண்ணெய்ப் போத்தலோடு மச்சாள் நிற்கிறாள். சுடர் மங்கியதாம். விளக்கு மங்கினால் எண்ணெய் விடத்தானே அவளுக்குத் தெரியும். ஓடிப்போய் எடுத்துவந்து உருகிய மெழுகுக் குழிக்குள் தளும்பத் தளும்ப ஊற்றியிருக்கிறாள். திரி மூழ்கிவிட்டது.

"ஐயோ, நூந்து போச்சே! இவர் ஸ்ரேசனால வந்து அறிஞ்சா என்ன சொல்லுவார்?" அக்கா நெஞ்சில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இப்போதாவது அக்கா கண் திறப்பார் என்று நினைத்தேன். போத்தலை வாங்கி ஓரமாக வைத்தேன். திரியைச் சரித்து எண்ணெயைப் பீங்கானில் வடித்தேன். மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, கொண்டை ஊசியால் மெழுகைத் தோண்டி நூலை நிமிர்த்தினேன். பற்றுவேனா என்றது. குச்சி குச்சியாகக் கிழித்து, விரல் சுடச்சுடப் பிடித்தேன். கடைசியில் சுடர் எழும்பி நேராக நின்றது. இனி விடியும் வரைக்கும் போகும்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா மச்சாளை மடியில் சாய்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழாதை பிள்ளை. தெரியாமத்தானே செய்தனீ. பார், உன்ர திரி எரியுது."

உன்ர திரியாம். எனக்கென்று ஒரு நல்ல சொல் இல்லை.

கோச்சியை அனுப்பிவிட்டு மாஸ்டர் நனைந்த தொப்பியோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நல்லா எரியுதே! ஆர் கொளுத்தினது?"

"எங்கட பிள்ளைதான்," என்றார் அக்கா. "கொளுத்தின நேரம் துவக்கம் அசையாமல் நிண்டு எரியுது."

மச்சாள் தலைகுனிந்தாள். மாஸ்டர் நல்ல மனுசர், ஒருத்தரையும் விட்டுவிட்டுக் கதைக்கமாட்டார். என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீர் என்ன செய்தனீர்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பலகாரத் தட்டைச் சரிசெய்தபடி எனக்காக அவரே மறுமொழி சொன்னார்.

"அவா பாத்துக்கொண்டு நிண்டவா."

விரல்நுனி காந்திக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டு, "ஓம்," என்றேன்.