பெடலக்கா வைத்த பரீட்சை

பட்டறையில் அவளுக்குப் பெடலக்கா என்று பெயர். தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவள் கார் சீட்டுக்கு உறை தைக்கப் போனாள். பிறகு ஸ்டியரிங்குக்குத் தோல் சுற்றினாள், கடைசியில் பெடல் மாட்டுவதில் வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. பொம்பளை கையில் ஸ்பேனரா என்று வாயைப் பிளந்தவர்கள் இப்போது அவளுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ரப்பர் பெடலின் மேல் பளபளக்கும் அலுமினியத் தகடு மாட்டியதும், கார்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். அவள் சொல்லும் பெடலைக் கால் தானாகத் தேடிப் போய் மிதிக்க வேண்டும். தடுமாறினால் தகட்டைக் கழற்றி, ஓரத்தை அராவி, மறுபடி மாட்டுவாள். "ஓட்டும்போது எவன் குனிஞ்சு காலைப் பாக்கறான்?" என்பாள். பக்கத்துக் கொட்டகை மெக்கானிக், "அக்கா கால் ஜோசியம் பாக்குது டோய்!" என்று கிண்டலடிப்பான். அடித்துக்கொள்ளட்டும், வாய் வலித்தால் அவனே நிறுத்துவான். தேறாத கார் ஒன்றுகூட வாசலைத் தாண்டியதில்லை.

அவளுடைய அண்ணன் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு இரண்டே சீட்டுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். அறுபது பேரைச் சுமந்துகொண்டு ஊர்ந்தது போதும், இனித் தன்னந்தனியாகப் பறக்க வேண்டுமாம்! உடம்பில் சர்க்கரை இருந்தது. மாத்திரை போட்டாயா என்று யாராவது கேட்டால் எரிந்து விழுவார்.

"டிரைவர் சீட்டை மட்டும் சிவப்புத் தோல்ல தைச்சுடு பாப்பா," என்றார். ஐம்பது வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"பக்கத்து சீட்டு?"

"அதுல எவன் உக்காரப் போறான்? பழசே கிடக்கட்டும். பெடலுக்கு மட்டும் குமிழ் குமிழா இருக்கற தகடாப் பாத்துப் போடு. கால்ல நல்லா உறைக்கணும்."

எட்டு நாளில் வேலை முடிந்தது. காரை எடுக்க வந்தவரின் வலது காலில் செருப்பு இல்லை. அது வாசலருகே தனியாகக் கிடந்தது.

"என்னண்ணே, காரு குஷியில செருப்பையும் விட்டுட்டியா?"

அவர் குனிந்து பார்த்தார். "அட, ஆமா!"

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. வாசலிலிருந்து கார் வரை முழுக்கச் சரளைக்கல். அதில் வெறுங்காலோடு நடந்தது ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் போகுமா?

எஞ்சினைப் போடாமலே பரீட்சை வைத்தாள். அவர் கண்ணை மூடினார்.

"கிளட்ச்."

இடது கால் சரியாகப் போனது.

"பிரேக்."

வலது கால் நகர்ந்து ஓங்கி மிதித்தது. "எப்படி? பஸ்ஸு ஓட்டின காலாக்கும்!" என்றார் பெருமையாக. கால் ஆக்சிலேட்டரில் இருந்தது.

அவள் தகடுகளைக் கழற்றினாள். தன் வேலையில் கோளாறு இருந்துவிடக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினாள். இப்போது இருந்தது கம்பெனி ரப்பர் மட்டும்தான்.

"பிரேக்."

மறுபடியும் ஆக்சிலேட்டர்.

"கண்ணைத் திற அண்ணே."

திறந்தார். காலைப் பார்த்தார். அது யாருடைய காலோ என்பதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம் இருக்கும். கால் மரத்துப்போய், பஞ்சு மேல நிக்கற மாதிரி இருக்கு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சாவியைப் பிடுங்கிடுவீங்களே."

"பிடுங்கத்தான் செய்வேன்! எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்," என்றாள். கோபமாகத்தான் தொடங்கினாள், குரல் உடைந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

சாவியை அவரே உருவி அவள் கையில் வைத்தார். இறங்கினார். வாசலிலிருந்து அவள் எடுத்து வந்து போட்ட செருப்பைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, கிழிந்த பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். சிவப்பு சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அவர் இப்படியும் அப்படியும் நெளிந்தார். "இந்த சீட்டு முதுகைக் குத்துது பாப்பா."

"நாளைக்கே தைச்சுடறேன்."

"அதே சிவப்புல தைக்கணும்," என்று அதட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.