சத்திரத்துச் சுவரில் இரண்டு இலை

நிலக்கோட்டைப் பக்கம் பாழடைந்து கிடக்கும் எங்கள் ஊர்ச் சத்திரத்தை யாரோ படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள்; செல்போனில் பார்த்ததுமே ஈரச்சாக்கும் மல்லிகையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. என் சின்ன வயதில், விடியலில் பறித்த பூவை, சந்தைக்குப் போகும் வேன் வரும்வரை, அம்மா சத்திரத்தின் குளிர்ந்த கல்தரையில்தான் கொட்டி வைப்பாள். பூவை மூடும் சாக்கை நனைப்பது என் வேலை. ஒருநாள் சுவர் வெடிப்பில் இரண்டு இலை விட்டிருந்த அரசங்கன்றைப் பிடுங்கப் போனேன்.

"அடியே, சாமி மரம்டி அது! புடுங்குனா பாவம். ஒரு செம்புத் தண்ணிய ஊத்திவிடு" என்றாள் அம்மா.

தினமும் ஊற்றினேன்.

படத்தில் அந்த அரசமரத்தின் வேர்கள் சுவரைப் பிளந்து நிற்கின்றன, கூரையே இல்லை. கீழே, "வேரைப் பாருங்க, என்ன அழகு!" என்று ஆளாளுக்குப் பாராட்டு. படமெடுத்தவர் பெயர் இருக்கிறது. தண்ணீர் ஊற்றியவள் பெயரைத்தான் யாரும் கேட்கவில்லை.