மூன்றாவது பஸ் எது?

காஜா மைதீன் அண்ணன் இறந்த செய்தி எங்கள் இரண்டு அலுவலகங்களுக்கும் பொதுவான வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. லைன் வேலை செய்கிறதா இல்லையா என்பதைத் தவிர அந்தக் குழுவில் யாரும் எதுவும் எழுதியதில்லை. அதிகாலைத் தொழுகை முடித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை என்று எழுதியிருந்தார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே என் மேசைத் தொலைபேசி அடித்தது. கடையநல்லூர் எண். எடுத்தேன். ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை; பிறகுதான் அங்கே வேலை செய்யும் ஒருவர் அதே செய்தியைச் சொன்னார். சத்தமில்லாத அந்தக் கணத்தில் எனக்கு வந்தது துக்கம் அல்ல, பயம்.

எங்கள் தொடர்பை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். இங்கே எடுக்கும் ஸ்கேன் படங்கள் கடையநல்லூரில் ஒரு மையத்துக்குப் போகும். அங்குள்ள டாக்டர் பார்த்து, அவசரமென்றால் இணையத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வார். அந்த மையத்தின் நெட்வொர்க்குக்குப் பொறுப்பாக இருந்தவர் காஜா அண்ணன். ஆறு வருடப் பழக்கத்தில் நேரில் பார்த்தது நான்கைந்து முறைதான்.

இந்த வகைத் தொலைபேசிக்கு ஒரு கோளாறு உண்டு. மணி அடிக்கும், எடுக்கலாம், நாம் பேசுவது அங்கே கேட்கும், அங்கே பேசுவது நமக்குக் கேட்காது. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே இது நடந்தால், இரு பக்கத்தாரும் முதலில் செய்வது தம் பக்கம் சரி என்று நிரூபிப்பதுதான். முதல் முறை நானும் வரிசையாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். அவர் செல்போனில் கூப்பிட்டார்.

"மேடம், படமெல்லாம் நல்லாருக்கு, ஃப்ரேம் போட்டு மாட்டிருதேன். தப்பு எங்க பக்கம்னு நான் வச்சுக்கிடுதேன். உங்க பக்கம்னு நீங்க வச்சுக்கிடுங்க. அவங்கவங்க வீட்டுல தேடுவோம்."

இனிக்கப் பேசுகிறவர்களை நான் எளிதில் நம்புவதில்லை. ஆனாலும் தேடினேன். தவறு என் பக்கம்தான் இருந்தது. "லைன் சரியாயிட்டு" என்று மட்டும் அவர் குழுவில் எழுதினார்.

சோதனை அழைப்பில் எல்லோரும் "ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு" என்போம். அவர் எண்ண மாட்டார். பஸ் போகும் ஊர்களின் பெயரைச் சொல்வார், வரிசை இல்லாமல். "சுரண்டை. ராஜபாளையம். புளியங்குடி. தென்காசி. மூணாவது எது மேடம்?" இது என்ன விளையாட்டு என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணு ரெண்டு சொன்னா, மூணு கேக்காட்டாலும் கேட்ட மாதிரி இருக்கும். காது நமக்கு வேண்டப்பட்ட ஆளு மேடம், நமக்காகப் பொய் சொல்லும்" என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஆஸ்பத்திரியில் புது ரௌட்டர் மாட்டினோம். நான் இங்கிருந்து கூப்பிட்டேன். எல்லா பஸ்ஸும் கேட்டது. "இப்ப நான் அங்கன கூப்பிடுதேன்" என்று அவர் வைத்தார். மணி அடித்தது. எடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தலைமை டாக்டர் போனுக்காக என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "கேக்குதுண்ணே, கேக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் அவருக்கு என் குரல் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

அன்று மதியம் கோவில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஒரு பெண்ணைத் தலையில் அடிபட்டுக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிள் மோதியிருந்தது. ஸ்கேன் படம் போனது. மூளைக்குள் ரத்தக்கசிவு, ஒரு நிமிடம்கூட வைத்திருக்காமல் திருநெல்வேலிக்கு அனுப்புங்கள் என்று சொல்ல கடையநல்லூர் டாக்டர் கூப்பிட்டார். எங்கள் நர்ஸ் எடுத்து, "ஹலோ, ஹலோ, யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்தார். மூன்று முறை. நர்ஸ்களின் செல்போன்கள் லாக்கரில் இருக்கும். ஆஸ்பத்திரியின் எல்லாத் தொலைபேசியும் அந்தப் புது ரௌட்டர் வழியாகத்தான்.

டாக்டர் சத்தம் போட, காஜா அண்ணன் ஓடி வந்து, என் செல்போனைக் கூப்பிட்டார். நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு அழைப்புகளை எடுக்கவில்லை. மூன்றாவதை எடுத்தேன்.

"மேடம், தலையில அடிபட்ட அம்மாவுக்கு உள்ள ரத்தம் கசியுது. உடனே திருநெல்வேலிக்கு அனுப்பச் சொல்லுதாங்க. ஓடிப் போய்ச் சொல்லுங்க. லைனைப் பொறவு பாப்போம்."

பையை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவில் போனேன். ஆம்புலன்ஸ் கிளம்பியது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். வலது கைவிரல்கள் மட்டும் பழையபடி மடங்கவில்லை. வீணான அந்த அரை மணி நேரம்தான் காரணமா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை.

எங்கள் ரௌட்டர், வெளியிலிருந்து அழைப்பு வரும்போது மட்டும், ஆஸ்பத்திரிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் எண்ணை முகவரியாகக் கொடுத்திருந்தது. கடையநல்லூரில் அதே எண் ஒரு பிரிண்டருக்கு இருந்தது. டாக்டர் மூன்று முறை சொன்னதெல்லாம் அவர்கள் கட்டிடத்திலேயே அந்தப் பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவரும் காஜா அண்ணன்தான். அறிக்கையில், "சோதனை முழுமையாக நடக்கவில்லை. இரு பக்கமும் பொறுப்பு" என்று எழுதியிருந்தார்.

"பொய் சொன்னது நான். உங்க பக்கம் என்ன பொறுப்பு?" என்று கேட்டேன்.

"மூணாவது பஸ் எதுன்னு கேட்டேம்லா. நீங்க அதுக்குப் பதில் சொல்லல. சொல்லாமலே நான் சரின்னுட்டேன்."

அதன்பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை. அந்தப் பெண் மறுபடி கடை போட்டார். நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். ஒருநாளும் நின்றதில்லை.

சென்ற வாரம் துக்கம் விசாரிக்கக் கடையநல்லூர் போனேன். பெண்கள் இருந்த அறையில் அவர் மனைவி என் கையைப் பிடித்து, "நீங்கதானா பஸ் மேடம்?" என்றார். பிறகு, "அந்தப் பூக்காரம்மாவுக்கு இப்பம் கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவரே தொடர்ந்தார்.

"சங்கரன்கோவில் வந்தா இவுக அவகிட்ட பூ வாங்காம வரமாட்டாவ. எனக்குன்னுதான் பேரு. வந்ததும் சரத்தை இழுத்து இழுத்துப் பாப்பாவ. 'போன தடவைக்கு இப்ப கட்டு இறுகியிருக்கு பாரு'ம்பாவ. பாதிப் பூ உதுந்துரும். பொறவு நான் எதை வைக்க?" என்றார். அழுகைக்கு நடுவே சிரித்தார்.

திரும்பி வந்ததும் பஸ் நிலையத்திலிருந்து நேரே கோவில் வாசலுக்குப் போனேன். பூ கேட்டேன். அந்தப் பெண் இடது கையால் நூலை வளைத்து, வலது கையின் இரண்டு விரல்களால் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி மேடம்தானே? அந்தக் கடையநல்லூர் அண்ணாச்சியை இந்த மாசம் காணலியே?" என்றார்.

தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். சொன்னேன். அவர் இறந்ததைச் சொன்னேன். மூன்று முறை அடித்த போனையும் நான் சொன்ன "கேக்குது"வையும் சொன்னேன். பூக்கட்டும் கை நின்றது.

"அன்னைக்கு நடந்தது எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல" என்றார். பிறகு, "இத்தன நாளும் இந்த வழியாத்தானே போனீங்க?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டு முழம் அளந்து கொடுத்தார். அந்தச் சரத்தை நான் இழுத்துப் பார்க்கவில்லை.

நேற்று, அண்ணனின் இடத்துக்கு வந்திருப்பவர் சோதனைக்காகக் கூப்பிட்டார். "ஹலோ மேடம், கேக்குதா?" என்றார். கேட்டது. தெளிவாகவே கேட்டது.

"நாலு பஸ் பேரு சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு மேடம்?"

"சொல்லுங்க. வரிசையா வேண்டாம். சொல்லிட்டு, மூணாவது எதுன்னு என்கிட்ட கேளுங்க. நான் பதில் சொல்லுறவரைக்கும் போனை வைக்காதீங்க."